லயத்துப் பிள்ளைகளுக்கு ஒரு கணினியா, நான்கு கணினிகளா?

2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இலங்கையின் மலைநாட்டில் தலவாக்கலைக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்து வாசிகசாலைக்கு நான்கு இலட்சம் ரூபா வந்து சேர்ந்தது. கொழும்பிலும் வளைகுடா நாடுகளிலும் வேலை செய்யும் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் மாதாமாதம் சேர்த்து அனுப்பிய பணம் அது. முந்திய ஆண்டு பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபோது, தங்கள் தம்பி தங்கைகள் சிக்னல் தேடிக் கைப்பேசியோடு மலை உச்சிக்கு ஏறி, தேயிலைச் செடிகளுக்கு நடுவே நனைந்தபடி பாடம் கேட்டதை அவர்கள் மறக்கவில்லை. அந்தப் பணத்தை எப்படிச் செலவிடுவது என்பதில் எங்கள் குழு இரண்டாகப் பிரிந்தது. நான்கு மடிக்கணினிகளை வாங்கி முறைவைத்து வீடுகளுக்குக் கொடுக்கலாம் என்று பெரும்பாலானோர் சொன்னார்கள். பலம் கூடிய ஒரே கணினியை வாங்கி, வெவ்வேறு திரைகளில் ஒரே நேரத்தில் நால்வர் இருந்து வேலை செய்யும்படி அமைக்கலாம் என்று நான் சொன்னேன்.

ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஐயா ஒருவர் குழுவில் இருந்தார். அவர் என் யோசனையைக் கேட்டுவிட்டு, "ஊரே ஒரு வண்டியில ஏறிக்கிட்டா, அச்சு முறிஞ்ச அன்னைக்கு ஊரே நடக்கணும் டீச்சர்" என்றார். அந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் சரியான பதில் இருக்கவில்லை. பிற்பாடு நடந்தவற்றைப் பார்க்கும்போது, அவர் சொன்னதில் பாதி உண்மை என்று தெரிகிறது. இதே தெரிவை எதிர்கொண்டிருக்கும் வேறு தோட்டங்களின் வாசிகசாலைகளுக்கும் சிறிய பாடசாலைகளுக்கும் இளைஞர் மன்றங்களுக்கும் உதவும் என்பதற்காக, நாங்கள் செய்ததையும் பிழைவிட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் ஆய்வுகூடத்துச் சேவையகக் கணினியில் எனக்கென ஒரு கணக்கு இருந்தது. எந்த மேசையில் உட்கார்ந்தாலும் என் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால் என் கோப்புகள் என் முன்னால் வரும். அடுத்த மேசையில் இருப்பவரும் அதே கணினியில்தான் வேலை செய்கிறார் என்பது நினைவுக்கே வராது. கணினிகள் பெருஞ்செலவு பிடித்த 1960களில், ஒரே இயந்திரத்தின் நேரத்தைப் பலருக்குப் பகிர்ந்துகொடுக்கும் முறை அமெரிக்காவில் உருவானது. 1969இல் பெல் ஆய்வுகூடத்தில் தொடங்கப்பட்ட யுனிக்ஸ் என்ற இயங்குதளம் அந்த மரபில் வந்தது, லினக்ஸ் அதன் வழியைப் பின்பற்றுகிறது. இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸில் நால்வர் ஒரே நேரத்தில் வேலை செய்வது இயல்பாக இருப்பதற்கு இதுவே காரணம். கடைகளில் கணினியோடு வரும் வழக்கமான விண்டோஸில் எத்தனை கணக்குகளையும் திறக்கலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் அமர்ந்து வேலை செய்யலாம். பலரை ஒன்றாக அனுமதிக்கும் விண்டோஸ் சேவையகப் பதிப்புக்கும், ஒவ்வொரு பயனருக்கும் உரிய உரிமத்துக்கும் தனித்தனியே பணம் கட்ட வேண்டும். எங்கள் தொகைக்கு அது எட்டாது. ஆகவே பகிர்வுக் கணினி என்று முடிவெடுத்தால் லினக்ஸ் என்பதும் அதோடு சேர்ந்த முடிவாகிறது. இதைக் குழுவுக்கு முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் தாமதமாகச் சொன்னதால், பாடசாலையில் விண்டோஸ் பழகிய பிள்ளைகளின் பெற்றோர் சிலருக்கு வருத்தம் ஏற்பட்டது.

கடைசியில் நாங்கள் வாங்கியது 32 ஜிபி நினைவகமும் ஆறு கருக்கள் கொண்ட செயலியும் உள்ள ஒரு மேசைக்கணினி. அதிலேயே நேரடியாக இரண்டு இருக்கைகளை அமைத்தோம். ஒவ்வோர் இருக்கைக்கும் தனித் திரை, விசைப்பலகை, சுட்டி, ஹெட்செட் ஆகியவையும், திரைக்கென ஒரு கிராபிக்ஸ் அட்டையும் தேவை. செயலிக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் ஓர் இருக்கைக்குப் போதும் என்று நான் கணக்கிட்டிருந்தேன். ஆனால் பல தாய்ப்பலகைகள் தனி அட்டையைப் பொருத்தியவுடன் உள்ளிருக்கும் கிராபிக்ஸை அணைத்துவிடுகின்றன. கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயோஸில் சென்று அதை மீண்டும் இயக்க வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று இரவுகள் பிடித்தன. மற்ற இரண்டு இருக்கைகளுக்கு, ஓர் அலுவலகம் கழித்துவிட்ட பழைய கணினிகள் இரண்டை வலையமைப்புக் கம்பியால் இணைத்தோம். அவற்றில் 2 ஜிபி நினைவகம்தான் இருந்தது, ஆனால் உண்மையான வேலை பெரிய கணினியில் நடப்பதால் அது குறையாகத் தெரியவில்லை. தட்டச்சு, விரிதாள், நிரலாக்கப் பயிற்சி என்று எதைச் செய்தாலும் சிரமமில்லை, காணொளி மட்டும் தொலைவிலிருந்த அந்த இரண்டு திரைகளிலும் திக்கித் திக்கி ஓடியது. காணொளிப் பாடம் பார்ப்பவர்கள் முதல் இரண்டு இருக்கைகளில் அமர வேண்டும் என்று ஒழுங்கு வைத்துச் சமாளித்தோம்.

ஆரம்பத்திலேயே முப்பத்தொரு பேருக்குக் கணக்குத் திறந்தேன். பல்கலைக்கழக நுழைவுக்கான உயர்தரப் பரீட்சைக்குப் படிப்பவர்கள், அதற்கு முந்திய சாதாரண தரப் பரீட்சைக்குப் படிப்பவர்கள், முன்பள்ளி ஆசிரியை, தொழிற்சங்கக் கடிதங்களைத் தட்டச்சு செய்யும் ஒரு தம்பி, மாலையில் கொழுந்து நிறுத்து முடித்து ஐந்தரை மணிக்கு வரும் இரண்டு அக்காமார் என்று எல்லா வகையினரும் அதில் இருந்தார்கள். இரண்டு மாதங்கள் எல்லாம் நன்றாகவே நடந்தன.

பிறகு ஒரு மாலையில், உயர்தரம் படிக்கும் தங்கச்சி ஒருத்தி வகுப்பு முடிந்து எல்லோரும் போகும்வரை காத்திருந்து, "என் லெட்டர யாரோ படிச்சிருக்காங்க டீச்சர்" என்று மெல்லச் சொன்னாள். வீட்டில் தன் திருமணப் பேச்சை நிறுத்திப் படிக்கவிடும்படி கேட்டு, வெளிநாட்டில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்த தாய்க்கு அவள் எழுதிய கடிதம் அது. அவளுடைய கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. ஆனால் நான் நிறுவியிருந்த, லினக்ஸின் ஒரு வகையான உபுண்டுவின் 20.04 பதிப்பில், புதிய பயனரின் கோப்புறையை மற்றப் பயனர்கள் திருத்த முடியாவிட்டாலும் திறந்து படிக்க முடியும். அது அந்தப் பதிப்பின் இயல்பான அமைப்பு. 21.04 பதிப்பிலிருந்துதான் புதிய பயனர்களின் கோப்புறைகள் பிறருக்கு மூடியவையாக உருவாக்கப்படுகின்றன. படித்த பையன் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை, திறந்து கிடந்த கதவின் வழியாக எட்டிப் பார்த்தான். கதவைத் திறந்து போட்டது நான். அன்றிரவே முப்பத்தொரு கோப்புறைகளையும் உரியவர் மட்டுமே திறக்கும்படி மாற்றினேன். மறுநாள் எல்லோரையும் உட்காரவைத்து, நடந்தது என் தவறு என்று சொன்னேன். யாருடைய கடிதம் என்பதை மட்டும் சொல்லவில்லை.

இந்தச் சம்பவத்தை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தோட்டத் தொழிலாளருக்காக வரிசையாகக் கட்டப்பட்ட எங்கள் லயத்து வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்றில் ஆறு பேர், ஏழு பேர் இருக்கிறார்கள். அங்கே ஒரு பெண்பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு பெட்டிகூட இருப்பதில்லை. இருக்கும் பெட்டிக்கும் பூட்டு இருப்பதில்லை. அந்தப் பிள்ளைக்கு, தன் பெயரும் தான் மட்டுமே அறிந்த ஒரு சொல்லும் கொண்டு திறக்கும் ஒரு கணக்கு என்பது வாழ்க்கையில் முதன்முதலாகக் கிடைத்த தனி அறை. மடிக்கணினியை வீட்டுக்குக் கொடுத்தால் அந்தத் தனிமை கிடைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நான் கண்டது நேர்மாறாக இருந்தது. வீட்டுக்குப் போகும் மடிக்கணினியில் பெரும்பாலும் ஒரே கணக்குத்தான் இருக்கும், அதன் கடவுச்சொல் அண்ணனுக்கோ அப்பாவுக்கோ தெரிந்திருக்கும். பகலில் படத்துக்கும் பாட்டுக்கும் அது போய்விடும், தங்கச்சிக்கு இரவு பத்து மணிக்குப் பிறகுதான் கைக்கு வரும். தனியாள் கணினி என்ற பெயர், வீட்டில் ஆளுக்கு ஒன்று இருக்கும்போதுதான் பொருந்துகிறது. ஆகவே எங்கே யாருக்குக் கணினி கொடுத்தாலும், அது மடிக்கணினியாக இருந்தாலும், பயன்படுத்தும் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கைத் திறந்து கொடுத்துவிட்டே அனுப்புங்கள். அதற்குப் பத்து நிமிடமும் செல்லாது.

பகிர்வுக் கணினியின் அடுத்த சிக்கல், ஒருவருடைய வேலை மற்றவர்களின் வேலையை அமுக்கிவிடுவது. ஒரு தம்பி உலாவியில் நாற்பது பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டால் நினைவகம் நிறைந்து நான்கு திரைகளும் உறைந்துவிடும். நினைவகம் முற்றாகத் தீரும்போது லினக்ஸ் தானாக ஓடிக்கொண்டிருக்கும் ஏதாவது ஒரு பெரிய நிரலை மூடிவிடும். அது யாருடையதாகவும் இருக்கலாம், சேமிக்காத விடைத்தாளாகவும் இருக்கலாம். ஒவ்வொரு பயனருக்கும் 6 ஜிபி என்று நினைவக வரம்பை வைத்த பிறகு அந்தத் தொல்லை நின்றது, வரம்பை மீறியவரின் நிரல் மட்டும் பாதிக்கப்பட்டது. வன்தட்டிலும் ஒவ்வொருவருக்கும் இவ்வளவு இடம் என்று ஒதுக்கிவிட்டேன். இவற்றை முதல் நாளே செய்திருக்க வேண்டும். வரம்பில்லாமல் பழகியவர்களிடம் பிறகு வரம்பு வைத்தால், தங்கள் உரிமையைப் பறித்ததாகவே உணர்கிறார்கள்.

கணக்கப்பிள்ளை ஐயா சொன்ன அச்சு, அதே ஆண்டு ஒக்டோபரில் முறிந்தது. மலைநாட்டில் இரு பருவமழைகளுக்கும் இடைப்பட்ட மாதங்களில், அதாவது மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும், பிற்பகல் இடிமின்னல் மிகக் கடுமையாக இருக்கும். அதை அறிந்திருந்ததால் தினமும் மின்செருகிகளைக் கழற்றிவிட்டே பூட்டுவோம். அன்றைக்கும் கழற்றியிருந்தோம். ஆனால் தொலைபேசிக் கம்பி ரவுட்டரில் இருந்தது, ரவுட்டரின் கம்பி சுவிட்ச் பெட்டியில் இருந்தது, அதிலிருந்து மூன்று கணினிகளுக்கும் கம்பிகள் சென்றிருந்தன. மின்னல் அந்த வழியாக வந்து ரவுட்டரையும் சுவிட்ச் பெட்டியையும் பழைய கணினிகள் இரண்டையும் பெரிய கணினியின் வலையமைப்பு முனையையும் எரித்துவிட்டது. தொலைவிலிருந்த இரண்டு இருக்கைகள் அன்றோடு நின்றன. கணினியோடு நேரடியாக இணைந்திருந்த இரண்டு இருக்கைகள் மறுநாளே வேலை செய்தன. எரிந்த முனைக்குப் பதிலாகச் சிறிய அட்டையொன்றைப் பொருத்தியதும் பெரிய கணினி முழுமையாகத் திரும்பிவிட்டது. கோப்புகளில் ஒன்றும் போகவில்லை.

அன்றிலிருந்து மின்செருகியோடு தொலைபேசிக் கம்பியையும் வலையமைப்புக் கம்பியையும் கழற்றுகிறோம். கழற்ற வேண்டிய எல்லாக் கம்பிகளின் நுனியிலும் சிவப்பு நாடா கட்டியிருக்கிறது. மின்பெட்டியிலுள்ள ட்ரிப் சுவிட்ச் மின்னலிலிருந்து காப்பாற்றும் என்று பலர் நம்புகிறார்கள். அது மின்கசிவிலிருந்து மனிதரைக் காப்பதற்கானது, மின்னழுத்தப் பாய்ச்சலை அது தடுக்காது. அதற்கென்றுள்ள பாதுகாப்புக் கருவியும், அது வேலை செய்வதற்கு ஒழுங்கான புவித்தொடுப்பும் வேண்டும். எங்கள் மண்டபத்தில் புவிக்கம்பி மண்ணுக்குள் போகாமல் சுவரோரத்தில் அறுந்து கிடந்ததை அந்த நிகழ்வுக்குப் பிறகுதான் கண்டோம். கணினி வாங்குவதற்கு முன்னரே மின்தொழில் தெரிந்த ஒருவரை அழைத்து அதைப் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும்.

2022இல் மடிக்கணினியின் பக்கம் நியாயம் திரும்பியது. மார்ச் மாத இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது. 150 மெகாவோட் மேல் கொத்மலை நீர்மின் திட்டத்தின் அணை எங்கள் தலவாக்கலையில்தான் இருக்கிறது. அந்த நீரைப் பார்த்தபடி இருட்டில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. பிற்போடப்பட்டு வந்த 2021ஆம் ஆண்டுக்குரிய சாதாரண தரப் பரீட்சை மே மாதத்தில் நடக்கவிருந்தது. பெரிய கணினியின் யூபிஎஸ் அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. உண்மையில் யூபிஎஸ் என்பது வேலையைச் சேமித்து ஒழுங்காக அணைப்பதற்கான அவகாசத்தைத் தருவதற்கே இருக்கிறது, இருட்டில் தொடர்ந்து வேலை செய்வதற்கு அன்று. என்னுடைய பழைய மடிக்கணினி மட்டும் மூன்று மணி நேரம் ஓடியது. அதைச் சுற்றி ஒன்பது பிள்ளைகள் அமர்ந்து முந்திய ஆண்டு வினாத்தாள்களைச் செய்தார்கள். நான்கு மடிக்கணினிகள் இருந்திருந்தால் அந்த வாரங்களில் அவர்கள் எவ்வளவு படித்திருப்பார்கள் என்று இப்போதும் நினைக்கிறேன். அந்த நேரத்தில் புதிதாக வாங்கவும் வழியில்லை. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 350ஐத் தாண்டியிருந்தது.

அதனால் என் முடிவு முழுதும் பிழை என்று நான் கருதவில்லை. எதிர்ப்பக்கத்தில் வைக்க வேண்டியவையும் கனமானவையே. அவற்றில் முதலாவது பராமரிப்பு. எங்களுக்குக் கிட்டிய நம்பகமான திருத்துநர் கண்டியில் இருக்கிறார். நான்கு மடிக்கணினிகள் நான்கு வீடுகளில் இருந்தால் அவற்றின் நோய்கள் யாருக்கும் தெரியாமல் முற்றும். மூடுபனியும் ஈரமும் நிறைந்த எங்கள் ஊரில் அலுமாரியில் பூட்டி வைத்த மடிக்கணினியின் விசைகளில் பூஞ்சணம் படிவதைப் பாடசாலையில் கண்டிருக்கிறேன், தினமும் ஓடிச் சூடேறும் பெரிய கணினிக்கு அந்த நிலை வரவில்லை. அடுத்தது தரவுச் செலவு. மென்பொருள் புதுப்பிப்பை ஒரு கணினிக்கு ஒரு தடவை இறக்கினால் முப்பத்தொரு பேருக்கும் போதும். ரீலோட் போட்டு இணையம் பயன்படுத்தும் இடத்தில் இது சிறிய விடயமல்ல. எழுத்துருச் சிக்கலையும் சொல்ல வேண்டும். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்த கடிதம், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். எங்கள் கணினியில் ஒரு தடவை நிறுவியதோடு எல்லோருக்கும் தீர்ந்தது, புதிய கடிதங்களை, எங்கும் தமிழாகவே தெரியும் யுனிகோடில் எழுதப் பழக்கியதும் எளிதாயிற்று.

எல்லாவற்றிலும் முக்கியமானது காப்புப் பிரதி. ஒவ்வொரு நாளும் வகுப்பு முடிந்ததும் எல்லோருடைய கோப்புறைகளும் வெளி வன்தட்டொன்றுக்குப் பிரதியாகின்றன, அந்த வன்தட்டு இரவில் என் வீட்டுக்கு வருகிறது. 2023இல் கணினியின் சேமிப்பகமான எஸ்எஸ்டி திடீரெனச் செத்தபோது, புதியதை வாங்கிப் பொருத்தி மூன்றாம் நாள் எல்லாவற்றையும் மீட்டோம். அது சாவதற்கு முந்திய நாள் மாலை வரை எழுதியவை அப்படியே இருந்தன. அதே ஆண்டில் எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியரின் சொந்த மடிக்கணினியும் அவ்வாறே நின்றது. ஆறு ஆண்டுகளாக அவர் தயாரித்த உயர்தரக் குறிப்புகள் அதோடு போயின. அவர் கவனக்குறைவானவர் அல்லர். காப்பு எடுப்பது அவருடைய பல வேலைகளில் ஒன்றாக இருந்தது, அதனால் தள்ளிப்போனது. பகிர்வுக் கணினியில் அது ஒருவருக்கென்று ஒதுக்கப்பட்ட கடமை. அந்த ஒருவர் கிடைக்காத இடத்தில் பகிர்வுக் கணினியை அமைக்க வேண்டாம் என்றே நான் சொல்வேன். நான் இரண்டு மாதம் மகப்பேற்று விடுமுறையில் இருந்தபோது கடவுச்சொல் மறந்த இருவர் தங்கள் கோப்புகளை எட்ட முடியாமல் தவித்தார்கள். அதன்பின் தொழிற்சங்கக் கடிதம் எழுதும் அந்தத் தம்பிக்கு நிர்வாக வேலையைக் கற்றுக்கொடுத்தேன். ஒரு கணினிக்கு இரண்டு பொறுப்பாளர்கள் என்பது இப்போது எங்கள் விதி.

சிலருக்குத் தனிக் கணினிதான் சரி என்பதில் எனக்கு இப்போது ஐயமில்லை. திருமண வீடுகளில் காணொளி எடுத்துத் தொகுக்கும் ஓர் இளைஞன் எங்களிடம் வந்தான். தொகுப்பு வேலை கணினியின் முழுப் பலத்தையும் மணிக்கணக்கில் எடுத்துக்கொள்ளும், மற்றவர்கள் காத்திருக்க வேண்டியிருக்கும். அவனைக் கடன் பெற்றாவது சொந்தமாக வாங்கச் சொன்னேன், அதுவே இன்று அவனுடைய பிழைப்பு. வீட்டிலிருந்தபடி மொழிபெயர்ப்புச் செய்யும் அக்காவுக்கும், வேலைக்காக ஊர் மாறிக்கொண்டிருப்பவருக்கும் வாசிகசாலையின் நேரம் பொருந்தாது. இன்று யாராவது என்னிடம் ஆலோசனை கேட்டால், பணம் எவ்வளவு என்று முதலில் கேட்பதில்லை. பயன்படுத்துவோர் ஒரே இடத்துக்கு வர முடியுமா, மின்சாரம் நின்றால் வேலை நிற்கலாமா, பொறுப்பேற்க இரண்டு பேர் இருக்கிறார்களா என்று கேட்கிறேன்.

நாங்கள் 2023இன் பிற்பகுதியில், ஏற்கெனவே பிறர் பாவித்த மடிக்கணினிகள் இரண்டை வாங்கி, எரிந்துபோன பழைய கணினிகளின் இடத்தில் வைத்தோம். மின்சாரம் இருக்கும்போது அவை வைஃபை வழியாகப் பெரிய கணினிக்குள் நுழையும் இருக்கைகள். மின்சாரம் நின்றால் அவை தனிக் கணினிகள், வினாத்தாள்களும் பாடக் குறிப்புகளும் அவற்றிலேயே பிரதியாக இருக்கின்றன. கணக்கப்பிள்ளை ஐயா வந்து பார்த்துவிட்டு, தன் பேத்திக்கும் ஒரு கணக்குத் திறக்கச் சொன்னார்.

கடிதம் எழுதிய தங்கச்சி பல்கலைக்கழகம் சென்றுவிட்டாள். போகும்போது அவளுடைய கோப்புறை முழுவதையும் பென் டிரைவில் எடுத்துக் கொடுத்தேன். ஊரைவிட்டுப் போகிறவர்களின் கணக்கை உடனே அழிப்பதில்லை. உள்ளே நுழைய முடியாதபடி பூட்டிவிட்டு, கோப்புகள் வேறோர் இடத்தில் சரியாகத் திறக்கின்றன என்று அவர்களே தெரிவிக்கும்வரை வைத்திருக்கிறோம். அவளிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை, கோப்புறை இருக்கிறது.